டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்: 47 லட்ச ரூபாய் செடானின் சாதகங்களும் பாதகங்களும்

புதுடெல்லி: பெட்ரோலிலேயே இயங்கினாலும் மின்காருக்கு நிகரான அமைதி, லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் என்ற மைலேஜ் சான்று, சார்ஜிங் நிலையத்தைத் தேடி அலையத் தேவையில்லை. உயர்ரக ஹைபிரிட் செடான் கார்களைப் பற்றிய விளம்பரங்கள் இம்மூன்று அம்சங்களையே முன்வைக்கின்றன. இவை மூன்றும் பெருமளவில் உண்மையே. ஆயினும், ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய் செலவிடும் ஒருவருக்கு அவை போதுமானவையா என்பது தனிக் கேள்வி.

இந்தியச் சந்தையில் இவ்வகைக் காருக்கு இன்று முதன்மையான எடுத்துக்காட்டு டொயோட்டா கேம்ரி. ஒன்பதாம் தலைமுறை கேம்ரி 2024 டிசம்பர் 11 அன்று 48 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமானது. 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தைத் தொடர்ந்து, அப்போதைய விலையிலிருந்து 1,01,800 ரூபாய் வரை குறைக்கப்பட்டு, ஏறத்தாழ 47.5 லட்சம் ரூபாயானது. இந்தக் காரை வாங்க நினைப்போர் அறிந்திருக்க வேண்டிய விவரங்களை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

சுருக்கமாக

சாதகங்கள்: நகர நெரிசலில் கணிசமான எரிபொருள் சேமிப்பு, வசதியான பின் இருக்கை, 9 ஏர்பேக், சார்ஜ் செய்யும் தேவையின்மை, பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம்.

பாதகங்கள்: 40 சதவீத ஜிஎஸ்டி, மாநில சாலை வரிச் சுமை, நெடுஞ்சாலையில் குறையும் சேமிப்பு, விரைந்து முடுக்கும்போது எழும் எஞ்சின் இரைச்சல், மின்காரைவிட அதிகமான ஓட்டச் செலவு.

ஹைபிரிட் என்றால் என்ன?

ஹைபிரிட் என்ற ஒரே சொல் மூன்று வேறுபட்ட தொழில்நுட்பங்களைக் குறிக்கப் பயன்படுகிறது. விற்பனையகங்களில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, 'மைல்டு ஹைபிரிட்' எனப்படும் மிதமான வகை. இதில் சிறிய மின் மோட்டார் எஞ்சினுக்குத் துணை நிற்கும். ஆனால் அந்த மோட்டாரைக் கொண்டு மட்டும் கார் ஓடாது. எரிபொருள் சேமிப்பும் குறைவு.

இரண்டாவது, 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' எனப்படும் வலுவான வகை. இதில் எஞ்சின் முற்றிலும் அணைந்த நிலையிலும் மோட்டாரின் ஆற்றலில் சிறிது தொலைவு கார் ஓடும். கேம்ரி, ஹோண்டா சிட்டி இ:எச்இவி, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது, 'பிளக்-இன் ஹைபிரிட்'. இதன் பேட்டரி பெரியது; வெளி மின்சாரத்தில் சார்ஜ் செய்யலாம். கேம்ரி இவ்வகை அன்று. அதன் பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்ய இயலாது.

கேம்ரியின் பேட்டரி லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. அதன் கொள்ளளவு ஓரிரு கிலோவாட்-மணி மட்டுமே. ஒப்பீட்டுக்கு, ஏறத்தாழ இதே விலைப் பிரிவில் விற்கப்படும் பிஒய்டி சீல் மின்காரின் அடிப்படை ரகத்தில் 61.44 கிலோவாட்-மணி பேட்டரி உள்ளது. எனவே கேம்ரியின் பேட்டரி நெடுந்தொலைவுக்கான ஆற்றலைச் சேமிக்கும் கிடங்கு அன்று. வீணாகும் ஆற்றலை நொடிக்கு நொடி பிடித்துத் திருப்பித் தரும் சிறு தொட்டி எனலாம்.

இயங்கும் விதம்

கேம்ரியில் 2,487 சிசி கொள்ளளவு கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் இணைந்து இயங்குகின்றன. இரண்டின் ஒருங்கிணைந்த திறன் 230 பிஎஸ். இ-சிவிடி எனப்படும் கியர் அமைப்பின் வழியாக இந்த ஆற்றல் முன் சக்கரங்களைச் சென்றடைகிறது.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். குளிர்சாதனம் பேட்டரியில் இயங்கும். புறப்படும்போது முதலில் மோட்டார் காரை நகர்த்தும். வேகம் கூடும்போதோ பேட்டரியில் இருப்பு குறையும்போதோ எஞ்சின் உயிர்பெறும். பிரேக் மிதிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இல்லையேல் வெப்பமாக வீணாகியிருக்கும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் சேர்க்கும். எப்போது எது இயங்க வேண்டும் என்பதை காரின் கணினியே தீர்மானிக்கிறது. ஓட்டுநர் தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

இந்த இயக்க முறையே ஹைபிரிட்டின் பலத்தையும் வரம்பையும் ஒருசேர நிர்ணயிக்கிறது. அடிக்கடி நின்று செல்லும் சாலையில் ஆற்றலை மீட்க வாய்ப்பு அதிகம். சீரான வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும் சாலையில் அந்த வாய்ப்பு குறைவு.

மைலேஜ்: சான்றும் நடைமுறையும்

கேம்ரிக்கு இந்தியாவில் வழங்கப்பட்டுள்ள மைலேஜ் சான்று லிட்டருக்கு 25.49 கிலோமீட்டர். இந்த எண்ணைப் புரிந்துகொள்ள, அது பெறப்படும் முறையை அறிய வேண்டும். இந்தியச் சான்றுக்கான சோதனை, ஆய்வகத்தில் உருளைகளின் மீது காரை ஓட்டி நடத்தப்படுகிறது. அதில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருக்கும். மே மாத வெயிலில் நிறைந்த பயணிகளுடன் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் நிலை வேறு.

அமெரிக்காவில் இதே தலைமுறை கேம்ரி ஹைபிரிட் எஞ்சினுடன் மட்டுமே விற்கப்படுகிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, முன் சக்கர இயக்கம் கொண்ட அடிப்படை ரகத்துக்கு கேலனுக்கு 51 மைல் என மதிப்பிட்டுள்ளது. இது லிட்டருக்கு ஏறத்தாழ 21.7 கிலோமீட்டர். கூடுதல் வசதிகள் கொண்ட உயர் ரகங்களுக்கான மதிப்பீடு இதைவிடக் குறைவு. அமெரிக்க மதிப்பீட்டில் அதிவேக ஓட்டமும் குளிர்சாதனப் பயன்பாடும் கணக்கில் கொள்ளப்படுவதால், நடைமுறை நிலையை அது ஓரளவு நெருங்கிக் காட்டுகிறது.

ஆகவே, 25 கிலோமீட்டரை எதிர்பார்த்துக் குடும்பக் கணக்கு போடுவது சரியன்று. லிட்டருக்கு 18 முதல் 20 கிலோமீட்டர் என வைத்துக்கொள்வது பாதுகாப்பான அணுகுமுறை. இந்த அளவுள்ள பெட்ரோல் காருக்கு அதுவும் உயர்ந்த எண்ணே.

சேமிப்பு எவ்வளவு? ஒரு மாதிரிக் கணக்கு

பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய் என்றும், ஹைபிரிட் செடான் லிட்டருக்கு 18 கிலோமீட்டரும் அதே அளவுள்ள சாதாரண பெட்ரோல் செடான் 12 கிலோமீட்டரும் தரும் என்றும் கொள்வோம்.

ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஹைபிரிட்டால் மிச்சமாவது ஏறத்தாழ 22,000 ரூபாய். 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 42,000 ரூபாய். 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 83,000 ரூபாய்.

எட்டு ஆண்டுகளில் இது முறையே 1.8 லட்சம், 3.3 லட்சம், 6.7 லட்சம் ரூபாய் ஆகும். காரின் விலையோ 47 லட்சத்துக்கு மேல். முதல் பிரிவினருக்கு எட்டு ஆண்டுச் சேமிப்பு காரின் விலையில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் பிரிவினருக்கு அது 14 சதவீதத்தை எட்டுகிறது.

இந்தக் கணக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் கேம்ரி அதற்கான கார் அன்று. 2022 மே மாதம் 19.50 லட்சம் ரூபாய் விலையில் அறிமுகமான ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டுக்கு அப்போதே 26.5 கிலோமீட்டர் மைலேஜ் சான்று இருந்தது. டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு 23.24 கிலோமீட்டர் சான்று உண்டு. அதன் உயர் ரகங்களே கேம்ரியைவிடப் பல லட்சம் ரூபாய் மலிவானவை. கேம்ரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை, அதன் இருக்கைக்கும் அமைதிக்கும் பாதுகாப்பு வசதிகளுக்கும் அளவுக்கும் உரியது.

சாதகங்கள்

பின் இருக்கை: கேம்ரியின் நீளம் 4,920 மில்லிமீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு 2,825 மில்லிமீட்டர். ஓட்டுநரை அமர்த்தி, பின்னால் அமர்ந்து பயணிப்போரை மனத்தில் கொண்டு இதன் உட்புறம் அமைக்கப்பட்டுள்ளது. பின் இருக்கையின் சாய்மானத்தை மின் விசையால் மாற்றலாம். நடுவில் உள்ள கைத்தாங்கியிலிருந்தே குளிர்சாதனத்தையும் இசையையும் இயக்கலாம். முதுகுவலி உள்ளோருக்கும் முதியோருக்கும் இவை ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை.

அமைதி: நகருக்குள் குறைந்த வேகத்தில் பல நேரங்களில் எஞ்சின் அணைந்தே இருக்கும். நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து செல்லும்போது அதிர்வும் இரைச்சலும் இல்லாதது களைப்பைக் குறைக்கும்.

பாதுகாப்பு: 9 ஏர்பேக், 360 டிகிரி கேமரா ஆகியவற்றுடன், 'டொயோட்டா சேஃப்டி சென்ஸ் 3.0' எனும் ஓட்டுநர் உதவித் தொகுப்பும் தரப்படுகிறது. முன்னால் செல்லும் வாகனத்துடன் மோதும் அபாயத்தை எச்சரித்துத் தானாக பிரேக் பிடித்தல், தடம் விலகாமல் காத்தல், முன் வாகனத்தின் வேகத்துக்கு ஏற்ப இடைவெளி பேணுதல் ஆகியவை இதில் அடங்கும். தடக்கோடுகள் அழிந்த சாலைகளிலும், இருசக்கர வாகனங்கள் குறுக்கே புகும் இடங்களிலும் இத்தகைய கருவிகளை முழுமையாக நம்பிவிடக் கூடாது.

சார்ஜ் கவலையின்மை: பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் போதும். கேம்ரியின் எரிபொருள் தொட்டி 50 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று கொண்டாலும் ஒருமுறை நிரப்பினால் 900 கிலோமீட்டர் செல்லலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜர் பொருத்த இடமோ சங்கத்தின் ஒப்புதலோ கிடைக்காதோருக்கு இது முக்கியமான சாதகம்.

அனுபவத்தால் தேறிய தொழில்நுட்பம்: டொயோட்டா தனது முதல் ஹைபிரிட் காரான பிரியஸை 1997-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போதைய கேம்ரியில் உள்ளது அந்நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறை ஹைபிரிட் அமைப்பு. இந்தியாவில் கேம்ரி ஹைபிரிட் 2013-ஆம் ஆண்டு முதல் பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையில் பொருத்தப்பட்டு விற்கப்பட்டு வருகிறது. பழுது நீக்கும் அனுபவம் சேவை மையங்களில் ஒரு பத்தாண்டுக்கு மேலாகத் திரண்டுள்ளது.

பாதகங்கள்

நெடுஞ்சாலையில் குறையும் பலன்: வாரந்தோறும் விரைவுச்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வோருக்கு, பெரும்பாலான நேரம் பெட்ரோல் எஞ்சினே இயங்கும். சேமிப்பு இருக்கும், ஆனால் நகரத்தில் கிடைக்கும் அளவுக்கு இராது.

ஓட்டும் உணர்வு: இ-சிவிடி அமைப்பில் வழக்கமான கியர் மாற்றம் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால் எஞ்சின் சுழற்சி உடனே உயர்ந்து இரைச்சல் கேட்கும்; வேகம் அதற்குப் பின்னரே கூடுவதுபோல் தோன்றும். தாமே ஓட்டி மகிழ விரும்புவோருக்கு, இதே விலையை ஒட்டிக் கிடைக்கும் பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே போன்ற ஜெர்மானிய கார்கள் பொருத்தமாகப் படலாம். அவற்றின் பின் இருக்கை கேம்ரி அளவுக்கு விசாலமானது அன்று.

தாழ்ந்த உடலமைப்பு: செடான் என்பதால் தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரம் எஸ்யுவி கார்களைவிடக் குறைவு. அளவு மீறிய வேகத்தடைகள், மழைக்காலத்தில் நீர் தேங்கும் சுரங்கப்பாதைகள், குண்டும் குழியுமான சாலைகள் ஆகியவை அன்றாடம் குறுக்கிடும் பகுதிகளில் இது தொல்லையாகும். ஏறி இறங்கவும் சற்றுக் குனிய வேண்டும்.

சுருங்கும் சந்தை: 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான பயணியர் வாகனங்களில் ஏறத்தாழ 65 சதவீதம் எஸ்யுவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனப் பிரிவைச் சேர்ந்தவை. ஹோண்டா அக்கார்டு, ஃபோக்ஸ்வாகன் பசாட், ஹூண்டாய் சொனாட்டா, நிசான் டியானா என கேம்ரியின் முன்னாள் போட்டியாளர்கள் ஒவ்வொன்றாகச் சந்தையை விட்டு விலகிவிட்டன. மறுவிற்பனையின்போது டொயோட்டாவின் பெயர் கைகொடுத்தாலும், பெரிய செடான் தேடும் வாடிக்கையாளர் வட்டம் சிறியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேர்வு குறைவு: அறிமுகத்தின்போது எல்லா வசதிகளும் அடங்கிய 'எலிகன்ஸ்' என்ற ஒரே ரகத்தில்தான் கார் வந்தது. சில வசதிகளைத் தவிர்த்து விலையைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

ஜிஎஸ்டி: குறைந்த விலையும் இழந்த சலுகையும்

கேம்ரியின் விலையில் பெரும்பங்கு வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 28 சதவீத வரியும் 15 சதவீத மேல்வரியும் சேர்த்து 43 சதவீதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல்வரி மாற்றப்பட்டபோது, பெரிய பெட்ரோல், டீசல் கார்களின் மொத்த வரி 48 சதவீதமாகவும், பெரிய எஸ்யுவிக்களுக்கு 50 சதவீதமாகவும் உயர்ந்தது. ஹைபிரிட்டின் வரி 43 சதவீதத்திலேயே நின்றது. இதனால் ஹைபிரிட்டுக்கு 5 முதல் 7 புள்ளிகள் வரை சாதகம் இருந்துவந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி நீக்கப்பட்டு, பெரிய கார்கள் அனைத்துக்கும் ஒரே சீராக 40 சதவீத வரி விதிக்கப்படுகிறது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் கொண்ட சிறிய ஹைபிரிட்டுகளுக்கு மட்டும் 18 சதவீதம். கேம்ரி இந்த வரம்புக்குள் வராது.

விளைவாக, கேம்ரியின் வரி 3 புள்ளிகள் குறைந்தது; பெரிய டீசல் எஸ்யுவிக்களின் வரியோ 10 புள்ளிகள் குறைந்தது. ஒரே நிறுவனத்தின் விலைக்குறைப்பு அறிவிப்பிலேயே இந்த வேறுபாடு வெளிப்பட்டது. கேம்ரிக்கு 1,01,800 ரூபாய் வரை குறைந்த அதே நாளில், ஃபார்ச்சூனருக்கு 3,49,000 ரூபாய் வரை குறைந்தது. மிகுந்த எரிபொருள் செலவிடும் காருக்கும் சிக்கனமான காருக்கும் இடையே வரி விகிதத்தில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

மறுபுறம், மின்கார்களுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமாகவே தொடர்கிறது. வரி நீங்கலாக 34 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு காரை எடுத்துக்கொண்டால், 40 சதவீத வரியில் அதன் விலை 47.6 லட்சம் ரூபாய். 5 சதவீத வரியில் 35.7 லட்சம் ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய்.

இந்த இடைவெளி குறித்துத் தொழில்துறையில் நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. பெட்ரோல் நுகர்வைக் குறைக்கும் ஹைபிரிட்டுக்கும் சலுகை தேவை என்பது அத்தொழில்நுட்பத்தில் முதலீடு செய்துள்ள நிறுவனங்களின் வாதம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஹைபிரிட் கார்களுக்கான வரியைக் குறைக்க வேண்டும் என்று 2024-இல் வலியுறுத்தினார். ஹைபிரிட்டுக்குச் சலுகை அளித்தால் மின்வாகன முதலீடுகள் பாதிக்கப்படும் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

மாநில சாலை வரி

எக்ஸ்-ஷோரூம் விலையோடு செலவு முடிவதில்லை. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. டெல்லியில் தனிநபர் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 10 சதவீதமும் டீசல் கார்களுக்கு 12.5 சதவீதமும் விதிக்கப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். கர்நாடகத்திலும் இத்தகைய கார்களுக்கு 18 சதவீத வரி உண்டு. ஆக, ஒரே கேம்ரியை டெல்லியில் பதிவதற்கும் சென்னையில் பதிவதற்கும் இடையே பல லட்சம் ரூபாய் வேறுபாடு ஏற்படும். மேலே கண்ட எட்டு ஆண்டு எரிபொருள் சேமிப்பை இந்த ஒரு வேறுபாடே விழுங்கிவிடக்கூடும்.

உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட், பிளக்-இன் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியில் முழு விலக்கு அளித்தது. டெல்லியை ஒட்டிய நொய்டா, காஜியாபாத் பகுதி வாடிக்கையாளர்களிடையே அது கவனம் பெற்றது. இத்தகைய சலுகைகள் காலவரம்புக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டவை. முன்பணம் செலுத்தும் நாளில் எது நடைமுறையில் உள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது. ஹைபிரிட் கார்களுக்கு மின்கார்களைப் போலப் பச்சை எண் பலகை வழங்கப்படுவதில்லை.

மின்காருடன் ஒப்பிட்டால்

2024 மார்ச்சில் 41 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அறிமுகமான பிஒய்டி சீல், விலையில் கேம்ரிக்கு நேர்ப் போட்டியாக நிற்கும் மின் செடான். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 6 கிலோமீட்டர் என்ற கணக்கில் 2,500 யூனிட் செலவிடுவார். வீட்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுச் செலவு 20,000 ரூபாய். பொது விரைவு சார்ஜிங்கில் 20 ரூபாய் எனக் கொண்டால் 50,000 ரூபாய். அதே தொலைவுக்கு ஹைபிரிட் காரின் பெட்ரோல் செலவு ஏறத்தாழ 83,000 ரூபாய். வீட்டில் சார்ஜ் செய்ய வசதியுள்ளவருக்கு மின்காரே சிக்கனம் என்பதில் ஐயமில்லை.

கரியமில வாயு வெளியேற்றத்தில் வேறுபாடு இத்தனை தெளிவாக இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதன்படி ஹைபிரிட் காரின் ஆண்டு வெளியேற்றம் 1.9 டன். இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைப்பதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்ற கணக்கில் மின்காரின் 2,500 யூனிட்டுக்கு 1.75 டன் ஆகிறது. சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக்கூட மின்காரின் கணக்கு ஆண்டுதோறும் மேம்படும். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்தியோருக்கு இன்றே மேம்பட்டதுதான். ஹைபிரிட்டுக்கு அவ்வாறு மேம்பட வழியில்லை. நகரின் காற்றைப் பொறுத்தவரை, புகைக்குழாயே இல்லாத மின்காருக்கே முதலிடம்.

பேட்டரியும் பராமரிப்பும்

ஹைபிரிட் பேட்டரி பழுதானால் பெருஞ்செலவாகுமே என்பது பலரது அச்சம். கேம்ரியின் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முன்னதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. அதற்குப் பிறகும் காரை வைத்திருக்க விரும்புவோர், மாற்றுப் பேட்டரியின் விலையைக் காரை வாங்கும் முன்பே கேட்டறிவது முறை. பழைய கேம்ரியை வாங்குவோர், எஞ்சிய உத்தரவாதக் காலத்தையும் பேட்டரி நிலை குறித்த சேவை மையச் சான்றையும் கேட்டுப் பெற வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையின் கீழ்ப்பகுதியில் உள்ள துவாரங்கள் வழியாக உள்ளே செல்கிறது. இருக்கை உறை, பை, போர்வை ஆகியவற்றால் அவற்றை அடைக்கக் கூடாது. தூசு மிகுந்த ஊர்களில் வடிகட்டியைச் சேவையின்போது தவறாமல் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஹைபிரிட் அமைப்பை இயக்கத் தயாராக்குவது தனியாக உள்ள 12 வோல்ட் பேட்டரி. வாரக்கணக்கில் காரை எடுக்காமல் நிறுத்தினால் அது இறங்கிவிடும். பெரிய பேட்டரியில் இருப்பு இருந்தாலும் கார் கிளம்பாது.

ஆற்றல் மீட்பு முறையால் பிரேக் பட்டைகளின் தேய்மானம் குறையும். மற்றபடி எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, குளிர்விப்பு நீர்மம் உள்ளிட்ட பெட்ரோல் காரின் வழக்கமான பராமரிப்புகள் அனைத்தும் இதற்கும் உண்டு. மின்காரில் இவற்றுள் பல தேவைப்படுவதில்லை.

யாருக்குப் பொருந்தும்? யாருக்குப் பொருந்தாது?

பெருநகர நெரிசலில் நாள்தோறும் நீண்ட நேரம் பயணிப்பவர், ஓட்டுநரை வைத்துப் பின் இருக்கையில் அமர்பவர், வீட்டில் சார்ஜர் பொருத்த இயலாதவர், அவ்வப்போது வெளியூருக்கும் அதே காரில் செல்பவர், எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஒரே காரை வைத்திருக்க எண்ணுபவர் ஆகியோருக்கு கேம்ரி ஹைபிரிட் பொருத்தமான தேர்வு.

ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுபவர், எரிபொருள் சேமிப்பை மட்டுமே கருதுபவர், வீட்டில் சார்ஜ் வசதி உள்ளவர், மோசமான சாலைகளில் அடிக்கடி செல்பவர், வேகமாகத் தாமே ஓட்டுவதில் நாட்டம் உள்ளவர் ஆகியோர் மாற்று வழிகளை முதலில் பரிசீலிப்பது நல்லது. சிக்கனமே நோக்கம் என்றால் விலை குறைந்த ஹைபிரிட்டுகளும், வீட்டில் சார்ஜ் வசதி இருந்தால் மின் செடான்களும் சந்தையில் உள்ளன.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

பதிவு, காப்பீடு உட்பட சாலைக்கு வரும்வரையிலான மொத்த விலை எவ்வளவு? காரைப் பதியும் மாநிலத்தில் ஹைபிரிட்டுக்கு நடைமுறையில் உள்ள வரிச் சலுகை ஏதேனும் உண்டா? உத்தரவாதம் முடிந்தபின் பேட்டரி மாற்ற என்ன செலவாகும்? அருகிலுள்ள சேவை மையத்தில் ஹைபிரிட் பயிற்சி பெற்ற பணியாளர் உள்ளனரா? இந்நான்கு கேள்விகளுக்கும் எழுத்துமூலம் பதில் பெறுவது நல்லது.

சோதனை ஓட்டத்தைக் காலியான புறவழிச்சாலையில் மட்டும் முடித்துவிடக் கூடாது. அலுவலக நேர நெரிசலில் அரை மணி நேரமும், மேம்பாலம் ஏறும்போது முழு வேகத்தில் ஒருமுறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னது இக்காரின் பலத்தையும் பின்னது அதன் குறையையும் காட்டிவிடும். வீட்டில் உள்ள முதியவரைப் பின் இருக்கையில் அமர்த்தி, ஏறி இறங்குவது எளிதாக உள்ளதா என்று பார்ப்பதும் அவசியம். இக்கட்டுரையில் தரப்பட்டுள்ள விலைகள் எக்ஸ்-ஷோரூம் விலைகள். வாங்கும் நாளின் விலையை விற்பனையகத்தில் உறுதிசெய்துகொள்ளவும்.